நள்ளிரவில் கெட்டுப்போகும் மன்னா

ஏழாம் கட்டளைக்கு அண்மைக் காலமாக ஒரு புதுப் பொழிப்புரை தோன்றியுள்ளது. இளையோர் தியானங்களில் அதைக் கேட்கிறோம். ஒப்புரவு அருளடையாளத்திற்கு முன் பிள்ளைகளின் கையில் தரப்படும் ஆன்ம சோதனைத் தாள்களில் அச்சிட்டும் காண்கிறோம். இணையத்திலிருந்து பாட்டையோ படத்தையோ நூலையோ விலை கொடுக்காமல் இறக்கிக்கொண்டாயா, அதை நண்பனுக்கு அனுப்பினாயா என்று அத்தாள் வினவுகிறது. ஆம் என்றால் களவு. மேற்கொண்டு கேள்வி இல்லை. புதுப் படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கிக் காசு பார்க்கிறவனும், தேர்வுக்கு வேண்டிய பாடநூலின் பிடிஎஃப் கோப்பைத் தோழிக்கு அனுப்பிய கல்லூரி மாணவியும் ஒரே வரியில் ஒரே பாவத்திற்கு ஆளாகின்றனர்.

இந்தப் பொழிப்புரை இறையியல்படி பிழை என்பது என் முதல் வாதம். இந்தச் சிறு பிழையைப் பேசிப் பேசியே ஏழைகளின் வாசலில் நாள்தோறும் நடக்கும் பெரிய அநீதி ஒன்றைக் காணாமல் இருக்கப் பழகிவிட்டோம் என்பது இரண்டாம் வாதம். இரண்டாவதே எனக்கு முக்கியம். எனினும் முதலாவதைக் கடந்தே அதற்குச் செல்ல வேண்டியுள்ளது.

குருமடத்தில் ஒழுக்கநெறி இறையியல் பயின்றோர்க்குக் களவின் இலக்கணம் மறந்திருக்க இயலாது. பிறர் உடைமையை அவருடைய நியாயமான விருப்பத்திற்கு மாறாக எடுத்துக்கொள்வதே களவு. இவ்விலக்கணத்தில் ‘நியாயமான’ என்னும் சொல் அணிக்காகச் சேர்க்கப்பட்டதன்று. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன் 2408ஆம் பத்தியில், உடைமையாளரின் மறுப்பு அறிவுக்கும், உலகச் செல்வங்கள் அனைவர்க்கும் உரியவை என்ற நெறிக்கும் முரணாக அமையுமாயின் அங்கே களவு இல்லை எனத் தெளிவாகவே கூறுகிறது. புதுக்கருத்து அன்று இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இதையே நிறுவினார்: கொடிய தேவையில் உழல்பவன் பிறர் பொருளிலிருந்து தன் உயிர் காக்க எடுத்துக்கொள்வது களவாகாது என்றார்.

“அது சோற்றுக்குச் சொன்னது, புத்தகத்திற்கு அன்று” என்று உடன்பணியாளர் சிலர் மறுப்பர். மறுப்பு நேர்மையானதே. ஆனால் 1967இல் புனித ஆறாம் பவுல் மக்கள் முன்னேற்றம் குறித்து எழுதிய சுற்றுமடலின் 35ஆம் பத்தியைத் திருப்பிப் பார்க்கட்டும். கல்விக்கான பசி, உணவுக்கான பசியைவிடக் குறைந்த துயரம் அன்று என்பது அங்கே அவர் கற்பிப்பது. திருச்சபையின் சமூகப் படிப்பினைத் தொகுப்பு 2004இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. முன்னோர் அறியாத புதிய செல்வங்கள் இக்காலத்தில் தோன்றியுள்ளன. அறிவும் தொழில்நுட்பமும் அவற்றுள் அடங்கும். செல்வங்கள் அனைவர்க்கும் உரியவை என்ற நெறியை இவற்றின் ஒளியில் புதிதாய் வாசிக்க வேண்டும் என்று அது பணிக்கிறது. நாமோ புதிதாய் வாசிக்கவில்லை. பழைய மாந்தோப்புக் களவை எடுத்து இணையத்தின்மேல் ஒட்டிவிட்டோம்.

மாந்தோப்பில் ஒரு கனியைப் பறித்தால் தோட்டக்காரனுக்கு ஒரு கனி குறைகிறது. ஒரு கோப்பைப் படியெடுத்தால் மூலம் அப்படியே இருக்கிறது. பாஸ்கா திருவிழிப்பு இரவில் நாம் செய்வதை எண்ணிப் பாருங்கள். ஒரே மெழுகுதிரியிலிருந்து கோவில் முழுவதும் ஒளி பரவுகிறது. பகிர்ந்ததால் தாய்ச்சுடர் குன்றுவதில்லை. படியெடுத்தல் அதனோடு ஒப்பிடத்தக்கது. உடனே ஒரு வரம்பையும் இட்டுவிடுகிறேன். சுடருக்குக் கூலி வேண்டியதில்லை. பாட்டு எழுதியவனுக்கு வேண்டும். திரைப்படத்தில் விளக்குத் தூக்கியவனுக்கும் தையல் தைத்தவளுக்கும் வேண்டும். அறுவடை செய்தவர்க்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எச்சரிப்பது இவ்வுழைப்பாளர்க்கும் பொருந்தும். புதுப்படத்தை வெளியான அன்றே கடத்தி, பக்கமெங்கும் சூதாட்ட விளம்பரம் ஒட்டிப் பிழைக்கும் தளங்களை நான் காக்க வரவில்லை. ஏழைப் பங்காளர் போல அவை வேடமிட்டாலும் அவையும் வணிகமே. அடுத்தவர் உழைப்பில் நடத்தும் வணிகம்.

ஆகவே எழுப்ப வேண்டிய கேள்வி, படியெடுத்தாயா என்பதன்று. யாருடைய கூலி தடைப்பட்டது என்பதே.

இக்கேள்வியோடு ஆய்வு இதழ்களின் உலகுக்குள் நுழைந்து பார்ப்போம். ஆய்வுக் கட்டுரையை எழுதும் பேராசிரியருக்கு வெளியீட்டாளர் பொதுவாக ஒரு காசும் தருவதில்லை. அதன் தரத்தைச் சோதிக்கும் அறிஞர்க்கும் தருவதில்லை. ஆய்வுக்கான பணம் பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். முடிவில் அக்கட்டுரையை வாசிக்க ஒரு மாணவன் பல ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். இங்கே படியெடுப்பதால் எந்தத் தொழிலாளியின் கூலி நின்றுபோகிறது? அமெரிக்க இளைஞர் ஆரன் சுவார்ட்ஸ், ஜேஸ்டோர் என்னும் மின்நூலகத்திலிருந்து பல லட்சம் ஆய்வுக் கட்டுரைகளை ஒரு பல்கலைக்கழக வலையமைப்பின் வழியாக இறக்கினார் என்று 2011இல் கைது செய்யப்பட்டார். அந்நூலகமே அவர்மீது வழக்கை நடத்த விரும்பவில்லை. அரசு வழக்குரைஞர்களோ பல்லாண்டுச் சிறைக்கு இடமளிக்கும் குற்றச்சாட்டுகளைக் குவித்தனர். 2013 ஜனவரி 11 அன்று தம் 26ஆம் வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சட்டத்தை அவர் மீறினாரா என்பதை வழக்கறிஞர்கள் விவாதிக்கட்டும். அந்தப் பிள்ளையைத் ‘திருடன்’ என்று மறையுரை மேடையிலிருந்து சொல்ல எனக்கு நா எழாது.

நம் நாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்திற்கான பகுதிகளை நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்க்கு விற்றதே அக்கடையின் குற்றம். 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பதிப்புரிமை என்பது இயற்கை தந்த உரிமையும் அன்று, தெய்வம் தந்த உரிமையும் அன்று என்ற கருத்தை அத்தீர்ப்பில் நீதிபதி பதிந்தார். மேல்முறையீட்டில் வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியபோதும், கல்விக்காக நகலெடுக்கச் சட்டம் இடந்தருகிறது என்ற அடிப்படை நிலைத்தது. 2017இல் பதிப்பகங்கள் தாமே வழக்கைத் திரும்பப் பெற்றன. தெய்வம் தந்ததன்று என நீதிபதி சொன்னதை நம் ஆன்ம சோதனைத் தாள்கள் தெய்வக் கட்டளையாக்கிக் கொண்டிருப்பது விந்தை.

இத்தகராறு நேற்றுப் பிறந்ததும் அன்று. ஆறாம் நூற்றாண்டு அயர்லாந்தில் புனித கொலும்பா தம் ஆசானின் திருப்பாடல் ஏட்டை அவர் அறியாமல் இரவிரவாகப் படியெடுத்தார் என்பது மரபுச் செய்தி. வழக்கு மன்னனிடம் போயிற்று. பசுவின் கன்று பசுவின் சொந்தக்காரனுக்கே என்பதுபோல் படியும் ஏட்டின் சொந்தக்காரனுக்கே என்று மன்னன் தீர்த்தான். அது போரில் முடிந்ததாகவும் சொல்வர். கொலும்பாவின் கையெழுத்து என மரபு போற்றும் ஏடு டப்ளின் நகரில் இன்றும் காக்கப்படுகிறது. படியெடுத்த அத்துறவியை நாம் பீடத்தில் வைத்திருக்கிறோம். தமிழ் மக்கள் இதில் அயர்லாந்து மன்னனைவிடத் தெளிந்தவர்கள் என்பேன். 1949இல் பாரதியின் படைப்புகளின் உரிமையை அரசு வாங்கிப் பொதுவுடைமையாக்கியது. உரியவர்க்கு விலையும் கிடைத்தது, மக்களுக்குப் பாட்டும் கிடைத்தது. பின்னர் எத்தனையோ எழுத்தாளரின் நூல்கள் அவ்வாறே நாட்டுடைமையாயின. கூலியும் பகிர்தலும் பகையாக வேண்டியதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையா?

இனி இரண்டாம் வாதத்திற்கு வருகிறேன்.

விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பாலைநிலத்தில் மன்னாவைப் பொழிகிறார். ஆளுக்கு ஓர் ஓமர். மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. நாளைக்கென்று பதுக்கியவனின் பானையில் புழு நெளிந்தது. இன்று நம் மக்களின் கைபேசியில் நாள்தோறும் பொழியும் மன்னா ஒன்றுண்டு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று அதற்கும் அளவு உண்டு. நள்ளிரவு பன்னிரண்டு அடித்தால் மீதி மறைந்துபோகும். ஆனால் ஒரு வேறுபாடு: பாலைநில மன்னா இலவசம். இதற்கு முன்கூட்டியே காசு கட்டியாகிவிட்டது. பதுக்கியவனைத் தண்டிக்க அங்கே புழு வந்தது. இங்கே சிக்கனமாயிருந்தவனைத் தண்டிக்க வருகிறது.

நிறுவனங்களின் பக்கத்தையும் கேட்டாக வேண்டும். இணைய வழித்தடம் நெல் மூட்டை அன்று, சேர்த்து வைக்க இயலாது. அது சாலை போன்றது, நேற்று வெறுமையாய்க் கிடந்த சாலையை இன்றைய நெரிசலுக்குப் பயன்படுத்த முடியாது என்பர். உண்மையே. அப்படியானால் அதே உண்மை மறுபுறமும் பேச வேண்டும் அல்லவா? சேர்த்து வைக்க முடியாத ஒன்றை, இரவு இரண்டு மணிக்குச் சாலை வெறிச்சோடிக் கிடக்கையிலும் எடைபோட்டு விற்பதேன்? ஒதுக்கீடு தீர்ந்தவுடன், நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேகத்தை நொடிக்கு 64 கிலோபிட் என்று குறைப்பதேன்? அந்த வேகத்தில் 10 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடக் கோப்பு இறங்க ஏறத்தாழ 21 நிமிடம் ஆகும். தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு மாணவிக்கு ஐந்து ஜிபி தேவைப்படலாம். அடுத்த ஐந்து நாள் அவள் கைபேசியைத் தொடாமலும் இருக்கலாம். அவள் கட்டிய காசுக்கு மாதத்தில் அத்தனையும் உண்டு. வேண்டும் நாளில் மட்டும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மாதாமாதம் கணக்குப் பார்த்துப் பின்னர்க் கட்டணம் செலுத்தும் வசதி படைத்தோரின் திட்டங்கள் சிலவற்றில், மிஞ்சிய டேட்டா அடுத்த மாதக் கணக்கில் சேர்கிறது. முன்கட்டணத் திட்டங்களில் வாரக் கடைசிவரை மீதியைத் தாங்கும் சில இருப்பினும், பொது வழக்கம் நள்ளிரவில் அழிப்பதே. நாட்டில் உள்ள கைபேசி இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் முன்கட்டண இணைப்புகள். செல்வனின் மன்னா மட்டும் மறுநாளும் கெடாமல் இருக்கிறது. சாலை என்று சொன்ன வாதம் இங்கே எங்கே போயிற்று?

மாதம் என்ற சொல்லுக்கே பொருள் மாறியதையும் சொல்லியாக வேண்டும். 28 நாளை ஒரு மாதமாக்கினார்கள். ஆண்டுக்கு 12 மாதம் என்று நாம் நினைத்திருக்க, 28 நாள் திட்டத்தில் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். ஒரு முறைக்கு 300 ரூபாய் என வைத்துக்கொண்டால் 3,600 ரூபாய் ஆக வேண்டியது 3,900 ரூபாய் ஆகிறது. இந்த 300 ரூபாய் கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் பெண்ணுக்குச் சிறு தொகை அன்று. 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, 30 நாள் செல்லுபடியாகும் திட்டங்களையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்தாக வேண்டும் என ஆணையிட்டது. வைத்தார்கள். ஆயினும் 28 நாள் திட்டங்களே கடைகளில் முன்னே நிற்கின்றன. கள்ளத் துலாக்கோல் ஆண்டவருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் நூல் கற்பிக்கிறது. கள்ள நாட்காட்டி வேறாகுமா?

2016இல் புதிய நிறுவனம் ஒன்று களத்தில் இறங்கியபின் டேட்டாவின் விலை வீழ்ந்ததை மறைக்க மாட்டேன். ஒரு ஜிபிக்கு 200 ரூபாய்க்கு மேல் இருந்தது சில ஆண்டுகளில் பத்து ரூபாய் அளவுக்கு வந்தது. ஏழை எளியோர் இணையத்தைக் கண்டது அதனால்தான். நன்றி சொல்லலாம். ஆனால் போட்டியில் இருந்த நிறுவனங்கள் பல மூடப்பட்டோ இணைந்தோ மறைந்தன. பெரிய தனியார் நிறுவனங்கள் மூன்றே மிஞ்சின. 2024 ஜூலையில் மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. தாகத்தை உண்டாக்கிவிட்டுப் பின்னர்க் கிணற்றுக்கு வேலி போடுவது பழைய உத்தி. அதற்கு முன்னரே வேறோர் உத்தியும் முயலப்பட்டது. ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற பெயரில், தான் ஒப்புக்கொண்ட சில தளங்களை மட்டும் ஏழைகள் இலவசமாகப் பார்க்கலாம் என்றது. ஊர்க்குளத்தில் ஒரு படித்துறையை மட்டும் திறந்து, அதற்கும் தானே காவல் நிற்பது போன்ற கொடை அது. பாகுபாடான கட்டணங்களுக்கு 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம் விதித்த தடையால் அது நின்றது. அத்தடைக்காக நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் எழுதினர். நம் பங்குகளில் அன்று ஒரு மறையுரையேனும் அதைத் தொட்டதா?

இக்குறைகள் வசதிக் குறைவு மட்டுமே, அநீதி அல்ல என்று சிலர் எண்ணலாம். கொரோனாக் காலத்தை அவர்கள் மறந்திருக்க வேண்டும். வகுப்பறை முழுவதும் கைபேசிக்குள் ஒடுங்கியிருந்த அந்நாளில், டேட்டா தீர்ந்த பிள்ளைக்குப் பள்ளியும் தீர்ந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டாவைக் கல்லூரி மாணவர் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்குத் தமிழ்நாடு அரசு வழங்க முன்வந்ததே, அது வசதியன்று, கல்வியின் அடிப்படைத் தேவை என்று உணர்ந்ததால் அன்றோ? கேரள உயர்நீதிமன்றம் 2019இலேயே, இணையம் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்திருந்தது. நம் திருச்சபைக்கும் இது தெரியாததன்று. 2002இல் சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை வெளியிட்ட இணைய அறநெறி பற்றிய ஏடு, வலையில் உள்ளோர்க்கும் இல்லாதோர்க்கும் இடையே விழும் பிளவை நீதியின் பிரச்சினையாகவே கண்டது. ஏடு நூலகத்தில் இருக்கிறது. ஏழாம் கட்டளைத் தாளுக்குள் அது நுழையவில்லை.

புனித இரண்டாம் யோவான் பவுல் 1987இல் எழுதிய சுற்றுமடலில், தனியுடைமையின் மீது ஒரு சமூக அடைமானம் இருக்கிறது என்றார். அலைக்கற்றையின் நிலை அதனினும் தெளிவானது. அலைக்கற்றை நாட்டின் பொதுச்சொத்து. நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்திருப்பது பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. பொதுச்சொத்தின் மேல் கட்டிய வணிகத்திடம் ‘மீதியை ஏன் அழிக்கிறாய்’ என்று கேட்பது மக்களின் உரிமை. அதைக் கேட்கும் நாவைத்தான், மாணவியின் பிடிஎஃப் கோப்பைக் குறித்துக் குற்றஞ்சாட்டுவதில் செலவிடுகிறோம்.

நம் வீட்டிற்குள்ளும் பேச வேண்டியது உண்டு. திருப்பலியில் பாடல் வரிகளைத் திரையிடும் பல கணினிகளில் ஓடும் மென்பொருளுக்கு யாரும் விலை கொடுத்ததில்லை. அப்பாடலை எழுதியவரின் பெயர்கூடத் திரையில் வருவதில்லை. கூலியைப் பற்றிப் பேசுவதானால் அங்கிருந்து தொடங்கலாம். பகிர்தலைப் பற்றிப் பேசுவதானால் நம் நூலகங்களிலிருந்து தொடங்கலாம். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அண்டிரிக் அடிகளாரின் வழிவந்தோர் நாம். நம் முன்னோர் நடத்திய மறைமாவட்ட இதழ்களின் பழைய தொகுதிகளோ எத்தனையோ ஆயர் இல்லங்களில், குருமடங்களில் கரையானுக்கு உணவாகின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் கைகளால் தமிழிலக்கியத்தை இணையத்தில் ஏற்றியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த மக்களுக்கு அவர்தம் நூல்களைத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. நம்மிடம் பணமும் இடமும் ஆளும் அவர்களைவிட அதிகம். ஓர் ஆய்வு மாணவர் பழைய இதழ் ஒன்றைப் படியெடுக்கக் கேட்டால் அனுமதிக் கடிதம் எங்கே என்கிறோம்.

அண்மையில் அரசு கொண்டுவந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தையும் இங்கே குறிக்க வேண்டும். 2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்த இத்திட்டத்தில், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்க்கு ஆயிரக்கணக்கான ஆய்வு இதழ்கள் திறக்கப்படுகின்றன. நல்லதே. ஆனால் ஒப்புதல் பெற்ற வடிவில் அது அரசு நிறுவனங்களுக்கே உரியது. தனியார் கல்லூரியில் பயிலும் ஏழை மாணவன் வெளியே நிற்கிறான். அவனுக்கு வழி செய்யும் பொறுப்பு, கல்லூரிகள் நடத்தும் நமக்கு உண்டா இல்லையா? மாலை வேளையில் பங்கு மன்றத்தைத் திறந்து, கட்டணமில்லா வைஃபையும் நான்கு மேசையும் போட ஒரு பங்கிற்குத் திருவிழா வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதி போதும்.

“சாமி, எனக்கு மகன்கிட்டப் பேசினாப் போதும், இந்த நெட்டுக்கும் சேர்த்து எதுக்குக் காசு வாங்குறான்?” என்று பட்டன் போன் வைத்திருக்கும் மூதாட்டிகள் கேட்பது பல பங்குத்தந்தையர்க்குப் பழகிய கேள்வி. அவர் கைபேசியில் இணையம் இயங்கவே இயங்காது. ஆனால் நெடுங்காலம் டேட்டா சேர்ந்த திட்டத்தையே வாங்க வேண்டியிருந்தது. ஏழைக் கைம்பெண்ணின் காசு இப்படியும் எடுக்கப்பட்டது. 2024 டிசம்பர் 23 அன்று ஆணையம் விதியைத் திருத்தி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தனியே தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அத்திட்டங்களை வெளியிட்டன. கடையில் கேட்டால் முதலில் காட்ட மாட்டார்கள். வற்புறுத்திக் கேட்க வேண்டும். 30 நாள் திட்டமும் அவ்வாறே. ஞாயிறு திருப்பலி முடிவில், திருமண அறிவிப்புகளை வாசித்த கையோடு, இவ்விரண்டையும் பெயர் சொல்லி அறிவிக்க ஒரு நிமிடம் ஆகும்.